புகைக்கு ஒரு கதவு, சாக்கடைக்கு ஒரு கதவு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரை, வாசகர்களுக்காகச் சற்று விரிவாக்கித் தரப்படுகிறது.)



இன்றைய பேச்சைக் கொசுவிலிருந்து தொடங்குகிறேன். காற்றுத் தூய்மைக்கேட்டைப் பற்றிப் பேச வந்தவர் கொசுவைப் பிடித்துக் கொண்டாரே என்று நினைக்க வேண்டாம். காரணத்தோடுதான் சொல்கிறேன்.

ஒரு தாமானில் ஒருவருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டுவிட்டது என்று வைத்துக் கொள்வோம். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சிகிச்சை அளித்த டாக்டர் 24 மணி நேரத்திற்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கு அதைத் தெரிவித்தாக வேண்டும். அரசாங்க மருத்துவமனையானாலும் சரி, மூலைக்கடை கிளினிக் ஆனாலும் சரி, விதிவிலக்கு கிடையாது. தகவல் போய்ச் சேர்ந்ததும் சுகாதாரப் பரிசோதகர்கள் அந்தத் தெருவுக்கே வந்து விடுகிறார்கள். நோயாளியின் வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 200 மீட்டர் தூரத்திற்குள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். பூச்சாடித் தட்டு, குளியலறைத் தொட்டி, கூரைப் பீலி, பின்புறம் கவிழ்த்து வைக்காத வாளி என எதையும் விடுவதில்லை. புழு இருந்தால் 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் கம்பவுண்ட். மாலையில் மருந்துப் புகை அடிக்கும் வண்டி வரும். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அரசாங்கமே நம் வாசலுக்கு வருகிறது.

அதே தெருவில் இன்னொரு வீட்டைப் பாருங்கள். பின்னால் காலியாகக் கிடக்கும் நிலத்தில் யாரோ இரவு நேரத்தில் குப்பைக்குத் தீ வைக்கிறார்கள். அதில் பழைய மெத்தை இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது, செம்பை எடுப்பதற்காக எரிக்கப்படும் மின்கம்பி இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினாலும் புகை உள்ளே வருகிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு கிளினிக்குக்கு ஓடுகிறார்கள். அங்கே ‘கேஸ்’ வைக்கிறார்கள். மூச்சு சீராகிறது. மருந்தை வாங்கிக் கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

மறுநாள் அந்தத் தெருவுக்கு யார் வருகிறார்கள்? எவரும் வருவதில்லை. ஆஸ்துமா தொற்றுநோய் அன்று. ஆகவே டாக்டர் யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. அறிவிப்பு இல்லாததால் கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாததால் கதவைத் தட்டுவாரும் இல்லை. இன்று நான் சொல்ல வந்த விஷயத்தின் கரு இதுதான். கொசுவுக்கு நம் தெருவரை நீளும் ஒரு கண் இருக்கிறது. புகைக்கு அப்படி ஒரு கண் இல்லை.

கிள்ளான் கற்றுக் கொடுத்த பாடம்

தெருத் தெருவாக நோயாளிகளை எண்ணும் வழக்கம் நம் நாட்டில் எப்படி வந்தது என்று பார்த்தால், நாம் கிள்ளானுக்குத்தான் போக வேண்டும். 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்போது கிள்ளானில் மலேரியா கோரத்தாண்டவம் ஆடிக் கொண்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தை வெட்டிக் கட்டிய துறைமுகம் அது. திறந்த சில வாரங்களிலேயே வேலையாட்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை போனது. துறைமுகத்திலும் இரயில்வேயிலும் மண் சுமந்தவர்களில் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் ஏராளம் என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன்.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ரோஸ் 1897இல் இந்தியாவின் செகந்தராபாத்தில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதை நம்பாதவர்களும் அதிகாரத்தில் இருந்தார்கள். வாட்சன் நம்பினார். எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் காய்ச்சலோடு வருகிறார்கள் என்று எழுதி வைத்தார். சதுப்புக்கு அருகில் இருந்த வீடுகளில்தான் நோய் அதிகம் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது. பிறகு கால்வாய் வெட்டி, பள்ளம் தூர்த்து, காட்டை அழித்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. முன்னும் பின்னும் எண்ணி வைத்திருந்த காரணத்தால்தான், செலவழித்த பணம் வீண் போகவில்லை என்று அவரால் மேலிடத்திற்குக் காட்ட முடிந்தது.

நூறு ஆண்டுகள் கழித்து, 2005 ஆகஸ்டு 11ஆம் தேதி, அதே போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அந்தப் புகைமூட்டம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அதோடு சேர்ந்த ஒரு செய்தியைப் பலர் மறந்துவிட்டோம். அந்த வாரம் வரை, பல ஆண்டுகளாகக் குறியீட்டு எண்கள் மக்களுக்கு வெளியிடப்படாமலேயே இருந்தன! சுற்றுப்பயணிகள் பயந்து விடுவார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. நாம் என்ன காற்றைச் சுவாசிக்கிறோம் என்பதை நமக்கே சொல்லாமல் வைத்திருந்தார்கள். இன்று எவரும் கைத்தொலைபேசியில் பார்த்துக் கொள்ளலாம் என்றால், அது தானாக வந்த சலுகை அல்ல.

கூரை மேல் இருக்கும் கருவி

சரி, இப்போது எண் நம் கையில் இருக்கிறது. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நாடு முழுவதும் அறுபதுக்கும் மேற்பட்ட காற்றுக் கண்காணிப்பு நிலையங்களைச் சுற்றுச்சூழல் இலாகா வைத்திருக்கிறது. சிலாங்கூரில் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான், ஜொஹான் செத்தியா, பந்திங், கோலசிலாங்கூர் ஆகிய இடங்களில் இருக்கின்றன. இவை ஆறு பொருள்களை அளக்கின்றன: பெரிய தூசு, நுண்தூசு, சல்ஃபர் டையாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன். நுண்தூசு என்பது 2.5 மைக்ரோனுக்கும் சிறியது. நம் தலைமுடியின் குறுக்களவில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடி வரை போகக்கூடியது. 2018 முதல்தான் இது நம் நாட்டுக் குறியீட்டில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பெரிய தூசை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள்.

குறியீடு 50 வரை நல்லது, 100 வரை மிதம், 200 வரை ஆரோக்கியக் கேடு, 300 வரை மிகவும் கேடு, அதற்கு மேல் அபாயம். 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்துகிறார்கள். 200ஐத் தாண்டினால் பள்ளிகளையே மூடுகிறார்கள். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தாம். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் நுண்தூசுக்கான கணக்கு 24 மணி நேரச் சராசரி. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் தெருவில் இரவு ஒரு மணி நேரம் குப்பை எரிகிறது. அந்த ஒரு மணி நேரம் காற்றில் கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராம் நுண்தூசு என்று வைத்துக் கொள்ளுங்கள். மீதி 23 மணி நேரமும் 20 மைக்ரோகிராம். கூட்டினால் 760. அதை 24ஆல் வகுத்தால் 32க்குள் அடங்கிவிடுகிறது. மலேசியாவின் 24 மணி நேர வரம்பு 35. ஆக, பிள்ளை மூச்சுக்குத் தவித்த அந்த நாள், கணக்குப்படி வரம்பை மீறாத நாள்! உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தன் வரம்பை 15 ஆகக் குறைத்தது. அந்தக் கணக்கில் அதே நாள் தேறாது. அது வேறு விஷயம்.

இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி உங்கள் தெருவில் இருந்தால்தான் அந்த 32கூட வரும். அது பல கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்திலோ அரசாங்கக் கட்டடத்திலோ இருக்கிறது. இந்தோனேசியாவிலிருந்து வரும் புகைமூட்டம் போல வானத்தையே மூடும் புகையை அது நன்றாகக் கண்டுபிடிக்கும். பின்தெருவில் எழும் புகையைக் கண்டுபிடிக்க வைக்கப்பட்ட கருவி அல்ல அது. வானிலை அறிக்கையைப் பார்த்து நம் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று தெரிந்து கொள்ள முடியுமா?

பாசிர் கூடாங்கில் மூக்குதான் கருவியானது

இதற்கு நாம் கொடுத்த விலை சிறியதன்று. 2019 மார்ச் 7ஆம் தேதி, ஜொகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த வாயு அருகிலிருந்த பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்தது. மாணவர்களுக்கு மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம். முதல் அலை அடங்கியது போலத் தெரிந்தது. ஆற்றை முழுமையாகச் சுத்தம் செய்யும் முன்னரே சில நாள்களில் இரண்டாவது அலை வந்தது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. 111 பள்ளிகள் மூடப்பட்டன.

அந்த வாயுவில் இருந்த பொருள்கள் நான் முன்பு சொன்ன ஆறில் அடங்காதவை. ஆகவே குறியீட்டுப் பலகையைப் பார்த்துக் கொண்டிருந்தவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அபாயத்தை முதலில் அறிந்தது பிள்ளைகளின் மூக்கும் நெஞ்சும்தான். தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியிருப்புகளும் பள்ளிகளும் இருக்கும் எந்த ஊருக்கும் இது பொருந்தும். இச்சம்பவம் எழுப்பிய கூக்குரல், சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலு சேர்த்தது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, கடுமையான குற்றங்களுக்கான உச்ச அபராதம் ஒரு கோடி வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அபராதம் உயர்ந்தது நல்லதே. ஆனால் அபராதம் என்பது பிடிபட்ட பின் வருவது. பிடிப்பவர் யார்?

எந்தக் கதவைத் தட்டுவது?

நம் தாமானில் ஒரு சராசரிக் குடும்பத்தின் பின்புறத்தை எடுத்துக் கொள்ளுங்கள். பின்தெருக் கால்வாய் அடைத்துக் கிடந்தால் அது ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. அந்தக் கால்வாய் போய்ச் சேரும் பெரிய ஆறு நீர்ப்பாசன, வடிகால் இலாகாவின் பொறுப்பு. கழிவறைத் தொட்டி நிரம்பினால் இண்டா வாட்டர். பழைய வீடுகளில் சமையலறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் கழிவறைக் குழாயில் சேராமல் நேராகத் தெருக் கால்வாய்க்குப் போகின்றன. அந்தத் தண்ணீர் மீண்டும் ஊராட்சி மன்றத்தின் கணக்கு. குப்பை அள்ளுவது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்றுக் கொண்ட மாநிலங்களில் கூட்டரசின் கீழ் வருகிறது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் போன்ற மாநிலங்கள் அச்சட்டத்தை ஏற்காமல் தங்கள் ஏற்பாட்டையே வைத்துக் கொண்டன. கொசு மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கும் ஊராட்சி மன்றத்திற்கும் பொது. இருவரிடமும் மருந்தடிக்கும் இயந்திரம் உண்டு. புகை, சுற்றுச்சூழல் இலாகா. தீயை அணைப்பது தீயணைப்பு, மீட்பு இலாகா. நிலம் யாருடையது என்பதற்கு நில அலுவலகம்.

மூச்சு வாங்குகிறதல்லவா? சொல்லும் எனக்கே வாங்குகிறது.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2002இல் அமைக்கப்பட்ட தேசியச் சுற்றுப்புற வாரியம் காற்றையும் கொசுவையும் உணவங்காடிச் சுத்தத்தையும் தெருக் குப்பையையும் ஒரே கூரையின் கீழ் கவனிக்கிறது. அது ஒரு நகர நாடு. நம்முடையது கூட்டரசு. அதை அப்படியே இங்கே கொண்டு வர முடியாது. ஆனால் ஒரே வீட்டின் பிரச்சினை ஏழெட்டுக் கோப்புகளாகப் பிரியும்போது என்ன நடக்கிறது என்பதையாவது நாம் புரிந்து கொள்ள வேண்டும்.

குப்பையும் புகையும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குப்பை லோரி இரண்டு தடவை வராமல் போனால் என்ன ஆகும்? மூட்டைகள் குவியும். நாய் கிழிக்கும், எலி வரும். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் தீக்குச்சியைக் கிழித்து விடுவார். தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு இது பழகிய வேலையும்கூட. மாலையில் சருகைக் கூட்டிக் கொளுத்தினால் கொசு போகும் என்று சொல்லியே வளர்த்தார்கள். அன்று எரிந்தது இலையும் சருகும். இன்று எரிவது நெகிழிப் பையும் பேம்பர்ஸும் வயரும். ஆக, குப்பை அள்ளாதது ஒரு அலுவலகத்தின் கோப்பில் ‘தாமதம்’ என்று இருக்கும். புகை இன்னொரு அலுவலகத்தின் கோப்பில் ‘திறந்தவெளி எரிப்பு’ என்று இருக்கும். பிள்ளையின் ஆஸ்துமா கிளினிக்கின் அட்டையில் இருக்கும். மூன்றும் ஒரே சங்கிலி என்பதை அந்தத் தெருக்காரர் மட்டுமே அறிவார்.

ஜெஞ்சாரோம் மக்கள் செய்தது

பெரிய அளவில் இதே கதை கோலலங்காட், ஜெஞ்சாரோமில் நடந்தது. 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளை வாங்குவதை நிறுத்தியது. அவை மலேசியாவுக்குத் திரும்பின. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உரிமம் இல்லாத பிளாஸ்டிக் ஆலைகள் முளைத்தன. இரவு நேரங்களில், உருக்க முடியாத கழிவை எரித்தார்கள். மக்கள் இருமினார்கள், கண் எரிந்தது, தூக்கம் போனது. ஆரம்பத்தில் அது என்ன வாசம் என்றே அவர்களுக்குப் புரியவில்லை.

பிறகு அவ்வூர் மக்கள் சிலர் கூடி, எந்த ஆலை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து புகை என்று தாங்களே தேடிச் சென்று பதிவு செய்யத் தொடங்கினார்கள். படம் எடுத்தார்கள். அதை வைத்துக் கொண்டு இலாகா இலாகாவாக ஏறினார்கள். உள்நாட்டு, வெளிநாட்டுச் செய்தியாளர்களும் வந்தார்கள். அதன் பின்னரே அதிகாரிகள் அந்த மாவட்டத்தில் பல ஆலைகளை மூடினார்கள். நூறாண்டுகளுக்கு முன் அடுத்த மாவட்டத்தில் வாட்சன் செய்ததும் இதே வேலைதான். வித்தியாசம் என்னவென்றால், அன்று எண்ணியவர் சம்பளம் வாங்கிய அரசாங்க மருத்துவர். ஜெஞ்சாரோமில் எண்ணியவர்கள் தூக்கத்தைத் தொலைத்த குடியிருப்பாளர்கள்.

இங்கே ஊராட்சி மன்றத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்று என்றாலே "அது சுற்றுச்சூழல் இலாகா" என்று கைகாட்டி விடும் பழக்கம் பல மன்றங்களில் இருக்கிறது. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், பொதுத் தொல்லைகளைக் களைவதை ஊராட்சி மன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. அதைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்று அதே சட்டத்தின் 107ஆம் பிரிவில் இருக்கிறது. மன்றம் கொடுத்த வணிக உரிமத்தை, காரணம் காட்டாமலேயே எந்த நேரத்திலும் அது மீட்டுக் கொள்ளலாம். புகை கக்கும் பட்டறையாகட்டும், கால்வாயில் எண்ணெய் ஊற்றும் உணவகமாகட்டும், நீதிமன்றம் போவதற்கு முன்பே உரிமத்தில் கை வைக்க முடியும். அந்தக் கையை நீட்டச் செய்வதுதான் பாடு. மன்ற உறுப்பினர்கள் நம் வாக்கால் வருபவர்கள் அல்லர். 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை முற்றாக நீக்கியது. இன்று அவர்களை மாநில அரசு நியமிக்கிறது. நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் நம் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்குச் சட்டப்படி மெல்லியது.

கிள்ளானை அடுத்த ஜொஹான் செத்தியாவையும் தொட்டுவிட்டுப் போகிறேன். அது கரிநிலம். மேலே காய்ந்தால் கீழே கனலும். சிறு விவசாயிகள் பயிர்க் கழிவை எரிக்கும்போது நெருப்பு மண்ணுக்குள் இறங்கி வாரக்கணக்கில் புகையும். 2019 செப்டம்பரில் அங்கே குறியீடு 200ஐத் தாண்டியது. தீயணைப்புப் படையால் மட்டும் தீராது. நிலத்தடி நீர்மட்டம் இறங்காமல் தடுப்பணையும் குழாய்க் கிணறும் வேண்டும், அது வேறு இலாகா. நிலம் இன்னோர் அலுவலகம். ஆயினும் ஒரு கண்காணிப்பு நிலையம் அங்கேயே இருப்பதால், புகை கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அந்த ஊரின் பெயர் செய்தியில் அடிபடுகிறது. யாரும் "தெரியாது" என்று சொல்ல முடிவதில்லை. கருவி வைத்த ஊருக்கும் வைக்காத ஊருக்கும் உள்ள வேறுபாடு அது.

நேயர்கள் கேட்டவை

நிகழ்ச்சியில் தொலைபேசி வழி கேட்கப்பட்ட கேள்விகளில் இரண்டை இங்கே தருகிறேன்.

ஒரு பெரியவர் கேட்டார்: "ஐயா, எரிக்கிறவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நல்லது கெட்டதுக்கு ஒன்றாக நிற்பவர். புகார் கொடுத்தால் பகை வராதா?"

வரத்தான் செய்யும். அதனால்தான் பலர் ஜன்னலை மூடிக் கொண்டு சும்மா இருந்து விடுகிறோம். முதலில் நேரில் பேசுங்கள். திறந்தவெளி எரிப்புக்கு இப்போது உச்ச அபராதம் 10 இலட்சம் வெள்ளி, ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நிலத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ, தீ வைத்தது தாம் அல்ல என்று நிரூபிக்காத வரை அவரே பொறுப்பு என்பதும் சட்டத்தில் இருக்கிறது. "உங்களுக்குச் சிக்கல் வந்துவிடுமே அண்ணே" என்று அக்கறையோடு சொன்னால் கேட்பவர்கள் உண்டு. அவர் ஏன் எரிக்கிறார் என்றும் கேளுங்கள். லோரி வராததுதான் காரணம் என்றால், அவரையும் சேர்த்துக் கொண்டு குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் மன்றத்திற்குக் கடிதம் எழுதுங்கள். எதிராளியாக இருந்தவர் உங்கள் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். ஓமம், சடலத் தகனம், வெளிப்புறச் சமையல் போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறது. கோயில் ஓமத்தைக் காட்டி யாரும் உங்களை மடக்க முடியாது.

அடுத்து ஒரு தாய். அவருடைய குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை. இரவானால் கருகல் வாசம். மகளுக்கு எட்டு வயது. மூன்று முறை புகார் கொடுத்துவிட்டாராம். முதல் முறை போனபோது "வேறு இலாகா" என்றார்கள். இரண்டாவது முறை அதிகாரிகள் பகலில் வந்து பார்த்து "புகை எதுவும் இல்லையே" என்றார்கள். மூன்றாவது முறை பதிலே இல்லை. "நான் என்னதான் செய்வது?" என்று கேட்டார்.

அம்மா, வாய்மொழியாகச் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் எடுத்துக் கொள்ளுங்கள். தேதி, மணி, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கம் வீசியது, பிளாஸ்டிக் வாசமா இரப்பர் வாசமா, வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் நேரம் தெரியும்படி படம் எடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று பேரையாவது அதேபோல எழுதச் சொல்லுங்கள். பகலில் வந்து பார்த்தவர்களுக்கு, இரவு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அந்த நோட்டுப் புத்தகமே சொல்லும்.

அதன் பிறகு ஒரே கடிதத்தை மூன்று இடங்களுக்கு அனுப்புங்கள்: மன்றத்தின் சுகாதாரப் பிரிவுக்கும் உரிமப் பிரிவுக்கும் சேர்த்து ஒன்று, மாநிலச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு ஒன்று, மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கு ஒன்று. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் மற்ற இருவருக்கும் நகல் அனுப்பப்பட்டதாகக் குறிப்பிடுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது அப்போது கடினமாகும். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். நியாயமான காலத்தில் பதில் இல்லையென்றால், அந்த எண்களோடு பொதுப் புகார் பிரிவான ‘பிரோ பெங்காடுவான் அவாம்’ போகலாம்.

மாவட்டச் சுகாதார அலுவலகம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் கொசுவில் தொடங்கியது இதற்காகத்தான். அங்கே தொழில், சுற்றுச்சூழல் சுகாதாரத்தைக் கவனிக்கும் பிரிவு இருக்கிறது. ஆஸ்துமாவைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம் இல்லாவிட்டாலும், ஒரே தெருவில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் மூச்சுத் திணறல் என்று எழுத்தில் போனால், அது அவர்கள் பார்க்க வேண்டிய விஷயமாகிவிடும். டிங்கிக்கு இருப்பது போல, புகையால் வரும் நோயையும் கிளினிக்குகள் மாவட்டத்திற்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று நான் பல மேடைகளில் சொல்லி வருகிறேன். குறைந்தபட்சம் தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஊர்களிலாவது தொடங்கலாம். அது வரும்போது வரட்டும். நீங்கள் அடுத்த முறை மகளைக் கிளினிக்குக்குக் கொண்டு போகும்போது, இரவு எத்தனை மணிக்குப் புகை வந்தது, எத்தனை மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது என்பதை டாக்டரிடம் சொல்லி, நோயாளி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிக் கடிதத்தோடு இணையுங்கள்.